கல்நார்த் தூசியும் கடைசி நாளும்

தூத்துக்குடிக்காரரான மிக்கேல், கடற்படைக் கப்பல் ஒன்றின் கொதிகலன் அறையில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர். அங்கே குழாய்களில் சூடு தாங்கச் சுற்றியிருந்த கல்நாரின், அதாவது ஆஸ்பெஸ்டாஸின் தூசி, ஓய்வுபெற்று முப்பது வருடம் கழித்து நுரையீரல் நோயாகத் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் உதவித்தொகைக்கு மனு கொடுக்க வேண்டும். அன்று கடைசி நாள்.

மூச்சிரைத்த கணவர் மிக்கேலை உதவித்தொகை அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பிலோமினாள் மனுவோடு அதிகாரி சிற்சபேசன் முன்னால் நின்றாள். மணி நாலரை; ஐந்துக்கு அலுவலகம் மூடிவிடும்.

"முப்பது வருஷம் கழிச்சு வந்த நோய்க்குக் கப்பல் என்னம்மா பண்ணும்? எடுத்துட்டுப் போ," என்றார் அவர்.

அவள் ஒன்றும் அறியாதவள் போலக் கேட்டாள். "கப்பல்லயே வந்திருந்தா வாங்கிக்குவீங்களா சார்?"

"அப்பவும் மாட்டேன். கெடு என்னைக்கோ முடிஞ்சிருக்கும்."

"இதைச் சொன்னா எங்க வீட்டுக்காரர் ஒத்துக்குவாரு. கப்பல்ல வந்ததுதான், ஆனா கெடு முடிஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுங்க சார், போயிடுறோம்."

தொல்லை விட்டால் போதுமென்று அதிகாரி எழுதினார்: 'நோய் கப்பல் பணியிலேயே உண்டானது. காலம் கடந்ததால் மனு நிராகரிக்கப்படுகிறது.' கையெழுத்தும் முத்திரையும் போட்டார்.

அவள் தாளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "நோய் கப்பல்ல வந்ததுன்னு நீங்களே எழுதிட்டீங்க. கெடு நோய் தெரிஞ்ச நாள்லேருந்துதான்னு இந்த மனுவிலயே அச்சடிச்சிருக்கு. டாக்டர் சீட்டைப் பாருங்க, இன்னைக்கு வரைக்கும் நாள் இருக்கு. வாங்குறீங்களா, மாடியில பெரிய அதிகாரிகிட்டக் காட்டட்டுமா?"

சிற்சபேசன் தாளைப் பிடுங்கக் கை நீட்டினார். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பழைய கடற்படை வீரர்கள் ஓரடி முன்னால் வந்தார்கள். நீட்டிய கை மனுவை வாங்கிக்கொண்டது.

ஐந்தாக நாலு நிமிடம் இருக்கும்போது ரசீது கிடைத்தது. வெளியே வந்த பிலோமினாள் அதைப் பெஞ்சிலிருந்த கணவரின் கையில் வைத்தாள்.