முதலாளி குடிக்கும் தண்ணீர்

வீட்டிலிருந்தே விளம்பர வாசகம் எழுதிப் பிழைக்கும் ஜெசிந்தாவை, கேன் தண்ணீர் கம்பெனி முதலாளி தணிகாசலம் தன் ஏஜெண்டுகள் கூட்டத்துக்கு வரவழைத்தார்.

"ஒரே வரி சொல்லு. கேட்டதும் நம்ம தண்ணி சுத்தம்னு இவங்க நம்பணும். முடியலைன்னா இந்த ஊர்ல எவனும் உனக்கு வேலை தராம நான் பார்த்துக்கறேன்!"

ஜெசிந்தா மேஜையைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் கேன் விற்கிற மகராசன், தனக்கு மட்டும் வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்திருந்தார்.

"எங்கள் முதலாளி குடிப்பதும் இதே தண்ணீர்தான்!" என்று வரியைச் சொன்னாள்.

ஏஜெண்டுகள் கைதட்டினார்கள். "பிரமாதம்! ஒரு டம்ளர் குடிங்கண்ணே, போட்டோ எடுத்துப் போட்டுடலாம்!" என்று ஒருவர் கேனிலிருந்து பிடித்து நீட்டினார்.

வாங்கிய தணிகாசலம் டம்ளருக்குள் உற்றுப் பார்த்தார். வாய்க்குக் கொண்டுபோகத் துணிச்சல் வரவில்லை. கைதட்டல் நின்றுபோனது.

"வரியில திருத்தம் இருந்தா சொல்லுங்க சார்," என்றாள் ஜெசிந்தா, வெகு பணிவாக.