நீர்காத்தாள் கழுத்தில் நெட்டி அட்டிகை

கிட்ட வாருங்கள், கண்மணிகளே. கதவோரம் நிற்பவர்களும் உள்ளே வந்து, மடியில் தூங்கும் பிள்ளையைச் சரியாகச் சாய்த்துக்கொண்டு கேளுங்கள். பொன்னைத் தொட்டே அறியாத ஒரு கை அம்மனுக்கு நகை செய்த கதை இது. நடுவில் கண் கலங்கினால் துடைத்துக்கொள்ளலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அல்லியேந்தல் என்று ஓர் ஊர். ஊருக்குக் கிழக்கே பெரிய ஏரி. ஏரிக்கரையில் நீர்காத்த அம்மன் கோயில். அந்த ஏரியில் இறங்கி நெட்டி அறுப்பதுதான் வெள்ளச்சி அம்மையாரின் பிழைப்பு. நெட்டி, தண்ணீரில் வளரும் ஒரு செடி. கழுத்தளவு நீரில் நின்று அறுத்து, காயவைத்து, மேல்தோலைச் சீவினால் உள்ளே வெண்ணெய் நிறத்தில் தக்கை இருக்கும். கையில் வைத்தால் எடையே தெரியாது. அதை வில்லை வில்லையாகச் சீவி, சாயம் ஏற்றி, நூலில் கோத்து, மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளின் கழுத்தில் கட்டும் மாலைகளாக விற்பார். கணவர் பாம்பு தீண்டி என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருந்தது மயிலி என்ற ஒரே மகள்.

தினமும் விடியலில், ஏரிக்குள் இறங்குமுன் கோயில் வாசலில் நின்று "தாயே" என்று ஒரு கும்பிடு போடுவார். அவ்வளவுதான் அம்மையாரின் பூசை. பாட்டும் தெரியாது, மந்திரமும் தெரியாது. ஆனால் அந்த ஒரு கும்பிடு நேரத்துக்குள் அம்மன் கழுத்தில் மின்னும் நகைகளை எல்லாம் கண்ணால் அள்ளிக்கொண்டு வந்துவிடுவார். மாட்டு மாலைக்குப் போக மிஞ்சிய துண்டுகளில் அவற்றைப் போலச் செய்து பார்ப்பார். தட்டாரிடம் அச்சு இருந்தது. அம்மையாரிடம் ஏரி இருந்தது. அல்லி மொட்டு வாய் திறக்கும் அழகைப் பார்த்துப் பதக்கம் செய்வார். கொக்கின் இறகுகள் படிந்திருக்கும் விதத்தைப் பார்த்து இதழ்களை அடுக்குவார். நத்தை ஊர்ந்த தடம்கூட ஓரச் சுழியாக வந்து உட்கார்ந்துவிடும்.

செய்ததை எல்லாம் போட்டுப் பார்ப்பது மயிலியின் கழுத்தில். அவள் கழுத்தை அளந்த மஞ்சள் நூல் ஒன்று விளக்கு மாடத்துக்குப் பக்கத்து ஆணியில் எப்போதும் தொங்கும். அந்த அளவுக்கு வெட்டிய நூலில், கண்ணை மூடிக்கொண்டு, வில்லைக்கு ஒரு தரம் "நீர்காத்தாயே" என்று சொல்லிக் கோப்பது அம்மையாரின் வழக்கம். பின்கழுத்து முடிச்சை மட்டும் மயிலி யாரையும் தொடவிட மாட்டாள். தானே போடுவாள். ஒரு தலைப்பு குட்டையாக நிற்கும், மற்றது நீளமாகத் தொங்கும்.

"ஏண்டி, ரெண்டையும் சமமா வச்சுக் கட்டக் கூடாதா? எருமை வாலாட்டம் தொங்குது."

"தொங்கட்டும் ஆத்தா. அதப் புடிச்சு இழுத்தா சுளுவா அவுந்துரும்ல."

ஒரு திருவிழாவில் அம்மன் சகல நகையோடும் வீதி வந்தபோது, மயிலி தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆத்தா, அம்மனுக்கு அம்புட்டுப் பொன்னும் கனக்காதா?"

"சாமிக்குக் கனக்குமாடி?"

"கழுத்துதான ஆத்தா, வலிக்கும்ல. நீ லேசா ஒண்ணு செஞ்சு குடு."

"போடி இவளே. மாட்டுக்குக் கட்டுறதச் சாமிக்குக் குடுத்தா ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

அந்தக் கார்த்திகையில் மயிலிக்குக் காய்ச்சல் கண்டது. கிடந்த கிடையிலும், "அம்மனுக்கு லேசா ஒண்ணு, மறந்துராத ஆத்தா" என்றாள். "நீ எந்திரிச்சு வா. ஒனக்குப் போட்டுப் பாத்துட்டுக் குடுப்போம்" என்றார் தாய். நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் பிள்ளை இல்லை. ஒன்பது வயது.

அவள் பாவாடை சட்டையை எல்லாம் உறவுக்காரர்கள் எடுத்து யார் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஆணியில் தொங்கிய நூல் யார் கண்ணிலும் படவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் விடியலில் அம்மையார் கோயில் வாசலில் நின்றார். "தாயே" என்ற சொல் வாயில் வரவில்லை. கும்பிட்ட கை மட்டும் இறங்காமல் நின்றது. பூசை செய்யும் சடையாண்டிப் பண்டாரம் வெளியே வந்தார்.

"பண்டாரய்யா, அம்மன் கழுத்தளவு ஒரு நூலு வேணும். எம்புள்ள கேட்டா. செஞ்சு குடுத்துர்றேன்."

பண்டாரம் உள்ளே போய், அம்மன் கழுத்தை மஞ்சள் நூலால் அளந்து கொண்டுவந்து கொடுத்தார். அம்மையார் அதையும் அதே ஆணியில் மாட்டினார்.

தை போயிற்று, மாசி போயிற்று. அழுத கண்ணில் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. விரல்கள்தான் பார்த்தன. சாயம் ஏற்றாத வெள்ளை நெட்டியில் ஒன்பது அல்லி மொட்டுகள், மொட்டுக்கு மொட்டு கொக்கிறகு அடுக்கு. பங்குனித் திருவிழாவுக்கு முதல் நாள் கோக்க உட்கார்ந்தார். ஆணியைத் தடவி ஒரு நூலை எடுத்தார். அந்த அளவுக்குப் புது நூலை வெட்டி, கண்ணை மூடி, பெயர் சொல்லிக் கோத்து முடித்தார்.

மறுநாள் வாழை இலையில் அட்டிகையை ஏந்திக்கொண்டு கோயிலுக்குப் போனார். கூட்டத்தில் பெண்கள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

"ஏண்டி, இன்னைக்கி அம்மனுக்குப் பொங்கலா, புண்ணாக்கா?"

"தவிடும் சேத்துக் கரைச்சு வையி!"

தர்மகர்த்தா ராசலிங்கம் முகம் சுளித்தார். ஆனாலும் பண்டாரம் இலையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அட்டிகை அம்மன் கழுத்தைச் சுற்றி வரவில்லை. நான்கு விரற்கடை குறைந்தது. அம்மனுக்குச் சாத்தும் எதிலும் நூலை ஒட்டுப்போடக் கூடாது என்பது அந்தக் கோயில் வழக்கம். ஆகவே வேறு வழியும் இல்லை. கூட்டம் சிரித்தது.

அம்மையார் இலையைத் திருப்பி வாங்கி, அட்டிகையின் நூலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவினார். அந்த நீளம் அவர் விரலுக்குத் தெரியாததா?

"நூல மாத்தி எடுத்துட்டேன் பண்டாரய்யா. இது அம்மன் அளவு இல்ல. எம்புள்ள அளவு."

சிரிப்பு அடங்கிற்று. ராசலிங்கம் மட்டும் விடவில்லை. "செத்த புள்ள அளவுல செஞ்சத அம்மன் சன்னிதிக்கா கொண்டாந்த? எடுத்துட்டுப் போ வெள்ளச்சி."

கொடுத்ததை வீட்டுக்குத் திரும்ப எடுத்துப்போக அம்மையாருக்கு மனம் வரவில்லை. வாசற்படியில் வைத்தார். "அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அதையும் நான் கெடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஒருவர் முகத்தையும் பாராமல் போய்விட்டார். தூக்கி எறிய மனமில்லாத பண்டாரம் அட்டிகையை அம்மன் காலடியில் ஒரு தட்டில் வைத்தார். பூசை முடிந்ததும் ராசலிங்கம் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் விடிந்தது. ராசலிங்கமே பூட்டைத் திறந்தார். உள்ளே போன பண்டாரம் விளக்கைத் தூக்கிப் பிடித்தார். பொன் நகைகள் அத்தனையும் கழற்றி, காலடித் தட்டில் அடுக்கி வைத்தது போல இருந்தன. அம்மன் கழுத்தில் நெட்டி அட்டிகை மட்டும்.

ராசலிங்கம் மொட்டுகளை எண்ணிப் பார்த்தார். ஒன்பதுதான். நூலில் ஒட்டு இருக்கிறதா என்று பண்டாரத்தைப் பார்க்கச் சொன்னார். இல்லை. நெட்டி நீளவில்லை, கல்லும் சிறுக்கவில்லை. ஆனால் அளவு சரியாக இருந்தது.

ஏரிக்குப் போய்க்கொண்டிருந்த அம்மையாரை ஒருவர் ஓடிப்போய்க் கூட்டிவந்தார். அவர் வாசலில் நின்று மங்கிய கண்ணை இடுக்கிப் பார்த்தார். கருமைக்கு நடுவே ஒரு வெண்மை தெரிந்தது. "ஆத்தா, இதப் பாருங்க" என்று பண்டாரம் பூசைக் கண்ணாடியை அம்மன் பின்கழுத்தில் பிடித்து, விளக்கை நெருக்கினார். கண்ணாடியில் முடிச்சுத் தெரிந்தது. ஒரு தலைப்பு குட்டை. மற்றது அம்மன் முதுகில் நீளமாகத் தொங்குகிறது என்று பண்டாரம் அவருக்குச் சொன்னார்.

அம்மையார் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அழுதாரா சிரித்தாரா என்று பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியவில்லை.

"இன்னும் சமமாக் கட்டத் தெரியல பாரு, இந்தக் கழுதைக்கி."

அத்தனை நாள் வராத "தாயே" அப்போதுதான் வந்தது.

ராசலிங்கம் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். "நான் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க ஆத்தா."

"அம்மனுக்குக் கழுத்து வலிக்கும்னு மொதல்ல சொன்னது எம்புள்ளைய்யா. நாந்தான் அப்பக் கேக்கல" என்றார் அம்மையார்.

பிள்ளை திரும்பி வீட்டுக்கு வரவில்லை, கண்மணிகளே. அடுப்படியில் ஒரு தட்டுதான் இருந்தது. அம்மையார் தனியாகத்தான் உண்டார், தனியாகத்தான் படுத்தார். ஆனால் ஆண்டுதோறும் பங்குனியில் ஒருநாள், அம்மனின் பொன்னை எல்லாம் இறக்கிவைத்து நெட்டி அட்டிகை சாத்தினார்கள். அன்றைக்கு அம்மன் கழுத்து பிள்ளைக் கழுத்தாகிவிடும். ஆணியில் பிறகு ஒரே நூல்தான் தொங்கிற்று. அது மயிலியின் நூல். முடிச்சில் ஒரு தலைப்பை நீளமாக விடுவதும் வழக்கமாயிற்று. அம்மையார் கண்மூடிய அன்று, கோக்காமல் மிஞ்சியிருந்த ஒரு மொட்டைப் பண்டாரம் அவர் கையிலேயே வைத்து அனுப்பினார்.

எடையில்லாத ஒன்றைக் கொடுத்து அம்மனின் பாரத்தை இறக்கிய வெள்ளச்சி அம்மையாரின் பாதம் நினைப்போம். கேட்ட உங்கள் வீட்டில் தொட்டில் காலியாகாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் கோணலாகப் போடும் முடிச்சுகளை நீங்களே அவிழ்த்து, நீங்களே திட்டி, நீங்களே கொஞ்சும்படி நீர்காத்தாள் காக்கட்டும்.