பதினோராவது பாயிண்ட்

"பத்து வந்ததும் நின்னுருதா, அக்கா. ஏன்னு தெரியல."

குருசம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு மட்டையின் மேல் சிவப்பு ரப்பரை வைத்து, அதன் மேல் கண்ணாடி பாட்டில் ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு?"

"பொன்மலர்தான். வேற யாரு."

தவசிமுத்து சொன்ன பெண்ணுக்குப் பதினாலு வயது. தென் மாவட்டங்களின் இளையோர் டேபிள் டென்னிஸ் போட்டியில் அன்று அரையிறுதி வரை வந்திருந்தாள்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் வாழை மரங்களை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. உள்ளே ஆறு மேஜைகள். மின்விசிறி ஒன்றும் சுழலவில்லை. சுழன்றால் பந்து தடம் மாறும். ஜன்னல்களையும் சாத்தியிருந்தார்கள்.

தவசிமுத்து நீளமாக மூச்சு விட்டான்.

"மெதுவா விடு. மூணாவது டேபிள்ல பந்து பறந்துரப் போவுது."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவனுக்கு நாற்பத்தாறு வயது. அவளுக்கு ஐம்பது. ஆடுவதற்கு அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆடச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதை மட்டும் அவளிடம் கற்றான். இப்போது அவளுடைய வலது தோள் உயராது. போட்டி நடக்கும் இடங்களுக்கு வந்து, மூலையில் உட்கார்ந்து, பிள்ளைகளின் மட்டைகளுக்கு ரப்பர் ஒட்டிக் கொடுப்பாள்.

"நின்னா எப்படி அரையிறுதி வரைக்கும் வந்தா?" என்று கேட்டாள்.

"பத்து வரைக்கும் அவ எடுப்பா. பதினொண்ணை எதிராளி தப்புப் பண்ணிக் குடுக்கணும். காலையில இருந்து அப்படித்தான் மூணு மேட்ச் ஓடிச்சு."

"குடுக்கலன்னா?"

"பத்துக்கு ஆறுன்னு இருப்பா. பாத்துக்கிட்டே இருக்கும்போது பத்துக்கு பன்னெண்டு ஆயிரும்."

பதினொன்று எடுத்தால் ஒரு கேம். பத்துக்குப் பத்து ஆகிவிட்டால் தொடர்ந்து இரண்டு எடுக்க வேண்டும். பொன்மலர் அந்தப் பதினொன்றைத் தன் கையால் எடுத்து ஒரு வருடம் ஆகிறது.

"பயமா இருக்கும்."

"பயந்த பிள்ளை பத்து வரைக்கும் வருமா, அக்கா?"

"அதுவும் சரிதான்."

"பத்து ஆனதும் திரும்பி என்னைப் பாக்கா. அது ஒண்ணுதான் வித்தியாசமா இருக்கு."

"உன்னை எதுக்குப் பாக்கா?"

"தெரியல."

பாட்டில் உருண்டது.

"இன்னைக்குத் தோத்தா?"

தவசிமுத்து வாசல் பக்கம் பார்த்தான். வெளியே நிழலில் பொன்மலரின் அம்மா சந்தனமாரி உட்கார்ந்திருந்தாள். மகளின் பை மடியில் இருந்தது.

"ஃபைனலுக்குப் போற ரெண்டு பேருக்குத்தான் விளையாட்டு விடுதில இடம். சாப்பாடு, படிப்பு, எல்லாம் அங்கேயே. அடுத்த வருஷம் இவளுக்கு வயசு தாண்டிரும்."

"தோத்தா என்னன்னு கேட்டேன்."

"ஞாயித்துக்கிழமை மில்லு வேலைக்குப் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போக வேன் வருது. அவங்க அம்மா பேசி முடிச்சிட்டாங்க."

குருசம்மாள் ரப்பரின் விளிம்பைக் கத்தரித்துவிட்டு, அடுத்த மட்டையின் மேல் பாட்டிலை உருட்டினாள்.

"முதல் முதல்ல எப்போ நின்னா?"

"போன வருஷம் ஆடி மாசம். ஊர்ல நடந்த டோர்னமெண்ட்ல."

"எதிர்ல யாரு?"

அவன் தரையில் கிடந்த ரப்பர் துண்டைக் காலால் தள்ளினான்.

"ஹர்ஷினி."

ஹர்ஷினி அவனுடைய இன்னொரு மாணவி. அவன் பயிற்சி கொடுத்த கூடம் ஹர்ஷினியின் அப்பாவுடையது. அவருடைய ஐஸ் பேக்டரியின் மாடி அது. மேஜைகளும் அவர் வாங்கிப் போட்டவை. ஒரே இடத்தில் பயிலும் இரண்டு பிள்ளைகள் ஒரு போட்டியில் எதிரெதிரே வந்துவிட்டால், யார் மேலே போக வேண்டும் என்று பயிற்சியாளர்கள் முன்னாலேயே முடிவுசெய்துவிடுவது உண்டு. யாரும் இதை வெளியே சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

"விட்டுக்கொடுக்கச் சொன்னியாக்கும்."

"கூடம் போயிருமேன்னு பயந்தேன், அக்கா. கூடம் போனா பதினேழு பிள்ளைங்க எங்க போய் ஆடும்?"

"அதை நான் கேக்கல. எப்படிச் சொன்ன?"

"எப்படின்னா?"

"அவகிட்ட சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லு."

தவசிமுத்து சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தான்.

"'பத்து வரைக்கும் போ. அப்புறம் விட்டுரு. பாக்கவங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது.'"

பாட்டில் நின்றது.

"எத்தனை தடவை?"

"நாலு."

அவன் தன் குரலை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டவன்போல வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருக்க," என்றாள் குருசம்மாள். "வேற எதையும் அவ இவ்வளவு சுத்தமாப் படிச்சிருக்க மாட்டா."

மண்டபத்தின் மறுகோடியில் யாரோ ஜெயித்தார்கள். கைதட்டினார்கள். சத்தம் ஓய்ந்தது.

"ஹர்ஷினி எங்க? அவளைக் காணல."

"ஆட்டத்தை விட்டுட்டா, அக்கா. படிக்கப் பெங்களூர் போயிட்டா. மாடில இப்போ மீன் பெட்டி அடுக்கியிருக்காங்க."

அவள் மட்டையின் மேல் இருந்த தூசியை ஊதித் தள்ளினாள்.

"அந்த நாலையும் திரும்ப எடுத்துற முடியாதா? பழக்கினவன் நான். நானே மாத்தக் கூடாதா?"

குருசம்மாள் காலடியில் கிடந்த ஒரு பழைய மட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். யாரோ ஒரு அப்பா, கதவுக்கு ஒட்டுகிற பசையைப் போட்டு ரப்பரை ஒட்டியிருந்தார்.

"இதை உரி."

அவன் நகத்தால் ஓரத்தைக் கிளப்பினான். வரவில்லை. அழுத்தி இழுத்தான். ரப்பர் வந்தது. மரத்தில் ஒரு செதில் அதோடு வந்தது.

"இனி வேற ரப்பர் ஒட்டலாமா?" என்று அவனே கேட்டான்.

"ஒட்டலாம்."

"ஆடுமா?"

"ஆடும். அந்த இடத்துல பந்து பட்டா மட்டும் வேற மாதிரி போவும்."

அவன் பள்ளத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"நான் என்ன செய்ய?"

"இன்னைக்கு நாற்காலில உட்காராத."

ஆடுகிறவருக்குப் பின்னால், தடுப்புக்கு அப்பால், பயிற்சியாளருக்கு ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். பொன்மலரின் நாற்காலியில் ஆறு வருடமாக அவன்தான் உட்கார்ந்திருக்கிறான்.

"அப்போ வேற யாரு உட்காரணும்?"

"யாரும் வேண்டாம். காலியாக் கிடக்கட்டும்."

"அதுல சரியாயிருமா?"

"ஆகும்னு நான் சொல்லலையே."

நான்கு மணிக்கு அரையிறுதி.

எதிரில் மதுரைப் பெண். உயரமானவள், நிதானமானவள். ஐந்து கேமில் மூன்று எடுத்தவர் வெற்றி.

தவசிமுத்து ஒரு தூணுக்குப் பின்னால் நின்றான்.

முதல் கேம் பத்துக்குப் பன்னிரண்டில் போயிற்று. இரண்டாவதில் மதுரைப் பெண் வலையில் அடித்து, பதினொன்றைக் கொடுத்தாள். மூன்றாவது, மறுபடியும் பத்துக்குப் பன்னிரண்டு. நான்காவதில் மதுரைப் பெண் சர்வீஸைத் தவறவிட்டு, அதையும் கொடுத்தாள்.

ஐந்தாவது கேமில் பொன்மலர் அவன் அதுவரை பார்த்திராத ஆட்டம் ஆடினாள். அவன் சொல்லிக்கொடுத்தது பாதிதான் அதில் இருந்தது. மீதி எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

பத்துக்கு ஏழு.

பொன்மலர் திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு சர்வீஸ் போட்டாள். திரும்பி வந்த பந்தை ஓங்கி அடித்தாள். மேஜைக்கு ஒரு விரல் தள்ளிப் போய் விழுந்தது.

பத்துக்கு எட்டு.

அடுத்த பந்து வலையின் மேல் விளிம்பைத் தொட்டு அவள் பக்கமே விழுந்தது. அதற்கடுத்ததும் ஒரு விரல் தள்ளி.

பத்துக்குப் பத்து.

அவள் உள்ளங்கைக்கு நேராக விரல்களை நிறுத்தி நடுவரிடம் இடைவேளை கேட்டாள். ஒரு நிமிடம் கிடைக்கும். அவள் நேராகக் காலி நாற்காலி அருகில் போனாள். தவசிமுத்து தூணை விட்டு ஓடி வந்தான்.

"எங்க போனீங்க, சார்?"

"இங்கதான் இருந்தேன், தாயி. இந்தா, கேளு. இன்னைக்கு யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நீ ஜெயிக்கலாம்."

"தெரியும், சார்."

"அப்போ ஏன் விடுற?"

அவள் மட்டையை இடது கைக்கு மாற்றினாள். வலது உள்ளங்கையைத் திருப்பி அவனிடம் காட்டினாள். அதில் வியர்வையைத் தவிர ஒன்றும் இல்லை.

"நான் விடல, சார். கைதான் விடுது."

நடுவர் கூப்பிட்டார். அவள் போனாள்.

இரண்டு பந்துகள்தான்.

அவள் மதுரைப் பெண்ணுக்குக் கை கொடுத்தாள். நடுவருக்குக் கை கொடுத்தாள். தடுப்பின் மேல் கிடந்த துண்டை எடுத்து முகத்தை ஒரு தடவை துடைத்தாள். அழவில்லை.

இந்த மாதிரிப் போட்டிகளில் ஒரு மேஜையில் தோற்றவர், அதே மேஜையின் அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக உட்கார வேண்டும். ஆள் போதாததால் வந்த ஏற்பாடு. யாரும் மாற்றவில்லை.

"நான் உட்காருதேன். அவ போகட்டும்," என்று தவசிமுத்து போட்டி நடத்துகிறவரிடம் போய்ச் சொன்னான்.

"தோத்தது நீங்களா, சார்? தோத்தவங்கதான் உட்காரணும்."

அவன் குருசம்மாளிடம் திரும்பி வந்தான்.

பொன்மலர் உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து எண் அட்டைகளை மடியில் அடுக்கிக்கொண்டாள். ஆடியவர்கள் இரண்டு பையன்கள். ஒவ்வொரு பாயிண்டுக்கும் எண்ணை உரக்கச் சொல்லி அட்டையைப் புரட்டினாள்.

"பத்து, அஞ்சு."

பையன் அடித்தான்.

"பதினொண்ணு," என்றாள் அவள். குரல் தெளிவாக இருந்தது. அட்டை சட்டெனத் திரும்பியது.

தவசிமுத்து தரையில் உட்கார்ந்தான்.

"நாற்காலியைக் காலியா விட்டும் ஆகலயே, அக்கா."

"நீ நாற்காலிலயா இருந்த?" என்றாள் குருசம்மாள்.

பையன்களின் ஆட்டம் முடியும்வரை இரண்டு பேரும் அந்தப் பெண் எண் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடிந்து பொன்மலர் வந்தாள். அவளுக்குப் பின்னால் சந்தனமாரி பையோடு வந்தாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்திருந்தாள். தவசிமுத்துவைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவன் எழுந்து நின்றான்.

"ஆறு வருஷம் பாடுபட்டீங்க, சார். உங்க பேரைக் கெடுத்துட்டா. மனசுல வச்சுக்காதீங்க."

"அப்படியில்லம்மா."

"வேற எப்படி, சார். போன வருஷம் பூரா அந்த ஐஸ் பேக்டரிப் பிள்ளைகிட்டத் தோத்தா. நல்லாத் தின்னு வளந்த பிள்ளை, தெம்பு இருக்கும்னு நெனச்சேன். இந்த மதுரைப் பிள்ளையைப் பாத்தா அப்படித் தெரியல. எம் மககிட்டதான் கோளாறு."

பொன்மலர் அம்மாவின் கையிலிருந்து பையை வாங்கினாள். தவசிமுத்துவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாம்மா, போலாம். பஸ் போயிரும்."

"இருடி. சார்கிட்ட சொல்லிட்டு வாரேன்." சந்தனமாரி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "வெளிய எல்லாரும் சொன்னாங்க, சார். பத்து எடுத்துட்டா, பத்து எடுத்துட்டான்னு. எனக்கு அதுவே போதும். அதுக்கு மேல எங்களுக்கு ஏது."

அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பொன்மலர் வாசலைப் பார்த்து நடந்தாள்.

தவசிமுத்து குருசம்மாளைத் திரும்பிப் பார்த்தான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அடுத்த மட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"என்னை எதுக்குப் பாக்க?" என்றாள்.