முன்கொக்கியும் பின்கொக்கியும்

சேலத்தில் பழைய கார் விற்கிற துரைக்கண்ணுவுக்கு ஆண்டவர் நல்ல மீசையைக் கொடுத்திருந்தார், அதைவிட நீளமாக வாயையும் கொடுத்திருந்தார்.

ஓய்வுபெற்ற வாத்தியார் இன்னாசியும் அவர் மனைவியும் சக்கரம் வைத்த குட்டி வீடு ஒன்று செய்து வைத்திருந்தார்கள். அதை வேளாங்கண்ணிவரை இழுத்துப் போக ஒரு பெரிய வண்டி வேண்டும். ஆயுசு முழுக்கச் சேர்த்த பணம் வாத்தியாரின் கைப்பையில் இருந்தது. துரைக்கண்ணுவின் கடைக்கு அவர்களோடு, வீட்டில் சமையல் செய்கிற சவேரியம்மாளும் வந்திருந்தாள்.

"யானை மாதிரி வண்டி சார்! வாங்கின நாளிலிருந்து பாரம் இழுத்தே பழகினது. ஒரு குறை சொல்லுங்க, மீசையை எடுத்துடறேன்" என்றார் துரைக்கண்ணு.

வாத்தியார் பையைத் திறக்கப் போனார். சவேரியம்மாள் வண்டியைச் சுற்றி வந்து, முன்னும் பின்னும் குனிந்து பார்த்தாள்.

"என்னம்மா, சாம்பாருக்கு உப்பு பார்க்கிறியா?" என்று சிரித்தார் துரைக்கண்ணு.

"வண்டியைப் பத்தி எனக்கென்னங்க தெரியும்? பாத்திரம் தேய்க்கிறவ, எது எங்கே தேஞ்சிருக்குன்னு பார்த்தேன். பாரம் மாட்டுற பின்கொக்கியில பெயிண்டுகூடப் போகலை. முன்கொக்கி மட்டும் கயிறு உரசி உரசிப் பளபளன்னு இருக்கு. இது எதையும் இழுக்கலைங்க, இதைத்தான் ஊரே இழுத்திருக்கு."

துரைக்கண்ணுவின் கை தானாக மீசையை மூடிக்கொண்டது.

"மீசை இருக்கட்டும் அண்ணே, முகத்துக்கு அழகா இருக்கு. பின்கொக்கி தேஞ்ச வண்டி இருந்தா காட்டுங்க."

கடைசி மூலையில் ஒன்று இருந்தது, காட்டினார். அது குட்டி வீட்டை வேளாங்கண்ணி மாதா கோயில்வரை மூச்சு வாங்காமல் இழுத்துப் போனது. அங்கே சவேரியம்மாள் ஏற்றிய முதல் மெழுகுத்திரி அந்த மீசைக்காரருக்குத்தான்.