மூணு தராசுல ஏறின பெட்டி

ஒரு ஊர்ல ஒரு மாமியாரு, ஒரு மருமக, ஒரு பெட்டி. மூணும் ஒரே வீட்டுல இருந்துச்சாம். மூணுல எதுக்கு வாய் பெருசுன்னு கேட்டா எல்லாரும் பெட்டிக்குத்தான்னு சொல்லுவாங்க. அவங்கல்லாம் மாமியாரைப் பாக்காதவங்க. என்ன, ம் சொல்லக் காணோம்? ம்... அப்படித்தான். நீ ம் கொட்டினாத்தான் கதைக்குக் காலு நகரும்.

அந்த ஊரு கோவில்பட்டிக்குப் பக்கத்துல. மருமக பேரு செண்பகவல்லி, செம்பான்னு கூப்பிடுவாங்க. கல்யாணம் ஆகி ஆறு மாசந்தான் ஆச்சு. புருசன் பொன்னுராசு கடல் தாண்டி மஸ்கட்டுல, காரு ரிப்பேர் பண்ற பட்டறையில வேலை பாக்கிறான். ஒரு நாள் ட்ரிங் ட்ரிங்குன்னு போன் அடிச்சுது. "செம்பா, உனக்கு விசா வந்துருச்சு! வர்ற வெள்ளிக்கிழமை ப்ளைட்டு. பெட்டி முப்பது கிலோ, கைப்பை ஏழு கிலோ. அதுக்கு மேல ஒரு கிலோ இருந்தாலும் ஏர்போர்ட்டுல விடமாட்டாங்க, பாத்துக்கோ"ன்னான்.

அப்போ செம்பாவுக்கு ஒரு பக்கம் சந்தோசம், ஒரு பக்கம் கவலை. கவலை என்னன்னா, அவகிட்ட ஒரு தையல் மெஷின் இருந்துச்சு. கையால சுத்துற மெஷின். கன்னங்கரேல்னு இருக்கும், கழுத்துல மஞ்சப் பூ போட்டிருக்கும். பத்தாவது முடிச்ச நாள்லேர்ந்து அவ அதுலதான் தைக்கிறா. அந்தத் தெருவுல அவ தைக்காத ஜாக்கெட்டே கிடையாது. டகடகடகடகன்னு அது ஓடுனாத்தான் அவளுக்குத் தின்ன சோறு செமிக்கும். புருசன் காலையில பட்டறைக்குப் போனா ராத்திரிதான் வருவான். தெரியாத ஊர்ல, தெரியாத பாஷையில, மெஷினும் இல்லாம ஒத்தையில எப்படி உக்காந்திருக்குறது? நெனச்சாலே அவளுக்கு அழுகையா வந்துச்சு. எது வந்தாலும் வராட்டாலும் மெஷின் வரணும்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டா.

அப்புறம் மெதுவா மாமியார்கிட்ட போனா. மாமியார் பேரு பிச்சம்மா. மொட்டை மாடியில மோர்மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்தா.

"அத்தை, மெஷினையும் கொண்டு போறேனே?"

"ஏட்டி, வெளிநாட்டுக்குப் போற பொண்ணு இரும்பையா தூக்கிட்டுப் போவா? ஊரு சிரிக்கும். மெஷினு அங்க கிடைக்காதா?"

"வத்தலுந்தான் அங்க கிடைக்கும்."

"கிடைக்கும். என் கையால போட்ட வத்தல் கிடைக்குமா?"

"அதைத்தான் அத்தை நானும் சொல்லுதேன்."

பிச்சம்மாவுக்கு அது காதுல விழல. விழுந்துச்சு, ஆனா விழாத மாதிரி மிளகாயைத் திருப்பிக்கிட்டே இருந்தா. ம்?

அப்புறம் பெட்டி கட்ட ஆரம்பிச்சா பிச்சம்மா. அடேயப்பா! சுண்டவத்தல் ஒரு பை. மோர்மிளகாய் ஒரு பை. கூழ்வடகம் ரெண்டு பை. இட்லிப்பொடி, பருப்புப்பொடி, ரசப்பொடி, பேரு இல்லாத பொடி ஒண்ணு. புளி உருண்டை. கருப்பட்டி. மவனுக்குப் பிடிக்குமேன்னு கருவாடு, அது நாறக் கூடாதுன்னு அதுக்கு ஏழு கவர். கைப்பையாவது மிஞ்சுமான்னா, அதுல காராச்சேவும் கடலைமிட்டாயும் போட்டு அடைச்சு, மேல நின்னு மிதிச்சா. ஒரு மூலையில போனாப்போவுதுன்னு செம்பாவோட சேலை, சுடிதாருக்கு இடம் விட்டா. "வெளியூருக்குப் போனா வயிறுதான் முக்கியம். வேறென்ன வேணும் மனுசனுக்கு?"ன்னா.

செம்பா சிரிச்சுக்கிட்டே நின்னா. ஏன் சிரிச்சாங்கிறே? அவளுக்கு ஒரு ரகசியம் தெரியும். கிட்ட வா, சொல்றேன்.

அந்த ஊரு பஜார்ல ரெண்டு தராசு இருந்துச்சு. ஒண்ணு செல்லையா மளிகைக்கடையில. இன்னொண்ணு மாடசாமி பழைய இரும்புக்கடையில. செல்லையா சாமான் விக்கிறவரு, அதனால அவரு தராசு பத்து கிலோவைப் பன்னண்டுன்னு காட்டும். மாடசாமி சாமான் வாங்குறவரு, அதனால அவரு தராசு பத்து கிலோவை எட்டுன்னு காட்டும். ரெண்டும் பொய் சொல்லும், ஆனா ஒண்ணு வடக்க பாத்துச் சொல்லும், ஒண்ணு தெக்க பாத்துச் சொல்லும். செம்பா எப்படிக் கண்டுபிடிச்சா? மெஷின் ரிப்பேர் பண்றவரு அது சரியாப் பன்னண்டு கிலோன்னு சொல்லியிருந்தாரு. அதை எடுத்துட்டு வர்ற வழியில சும்மா விளையாட்டுக்கு ரெண்டு கடையிலயும் வச்சுப் பாத்தா. அங்க பதினாலரை, இங்க ஒம்பதரை! அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பு அவளுக்கு இன்னும் நிக்கல. ஊர்ல வேற யாருக்கும் இது தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டா. ம் கொட்டுறியா, கொட்டாவி விடுறியா? சரி சரி.

அப்போ செம்பா சொன்னா, "அத்தை, எடை போட்டுப் பாத்துருவோம். செல்லையா கடைக்கு வாங்க."

பெட்டியை உருட்டிக்கிட்டு ரெண்டு பேரும் போனாங்க. கடகடகடகட! தெருவே எட்டிப் பாத்துச்சு. தராசுல தூக்கி வச்சாங்க, தொம்! உள்ள இருந்தது என்னமோ முப்பது கிலோதான். தராசு முப்பத்தாறுன்னுச்சு.

"அய்யய்யோ, ஆறு கிலோ கூட!"ன்னு செம்பா கன்னத்துல கைய வச்சுக்கிட்டா. என்னா நடிப்பு!

பிச்சம்மா புளியை எடுத்தா. ஒரு பெருமூச்சு. கருப்பட்டியை எடுத்தா. ரெண்டு பெருமூச்சு. ஒரு பை வடகத்தை எடுக்குறப்போ கண்ணுல தண்ணியே வந்துருச்சு. தராசு முப்பதுன்னு காட்டுற வரைக்கும் எடுத்தா. நெசத்துல இப்போ பெட்டியில இருக்குறது இருபத்தஞ்சுதான்.

அப்புறம் வீட்டுக்கு வந்து, மாமியார் கோயிலுக்குப் போன நேரம் பாத்து, செம்பா மெஷினைப் பாவாடையில சுத்தி பெட்டிக்குள்ள இறக்கிட்டா. மேல உக்காந்து ஜிப்பை இழுத்தா, சர்ர்ர்ர்! நம்பர் பூட்டையும் போட்டா. புருசன் பிறந்த தேதிதான் நம்பர். இப்போ பெட்டி முப்பத்தேழு கிலோ.

கோயில்ல இருந்து வந்த பிச்சம்மா பெட்டியை நகட்டப் பாத்தா. அது நகரவே இல்ல. "என்னட்டி, கடையில இருந்ததுக்கு இப்போ இந்தக் கனம் கனக்கு?"

செம்பா வாய் கொஞ்சமும் தயங்கல. "உங்களுக்குக் கை அசந்துருச்சு அத்தை. சந்தேகமா இருந்தா இன்னொருவாட்டி எடை போடுவோம். செல்லையா கடையை இந்நேரம் சாத்தியிருப்பாரு, மாடசாமி கடைக்கு வாங்க."

கடகடகடகட! தொம்! மாடசாமி தராசு இருபத்தொம்பதரைன்னுச்சு.

"பாத்தீங்களா? அரைக் கிலோ கம்மியாவே இருக்கு!"

பிச்சம்மா தராசைப் பாத்தா. மாடசாமியைப் பாத்தா. மருமகளைப் பாத்தா. வெத்தலையை இந்தக் கன்னத்துல இருந்து அந்தக் கன்னத்துக்கு மாத்திக்கிட்டு, "சரி, வா"ன்னா. அவ்வளவுதான்.

இப்போ நீ கேக்கணும், ஏர்போர்ட்டுல இருக்குற தராசு பொய் சொல்லாதே, அங்க முப்பத்தேழுன்னு காட்டுமே, அப்போ இவ என்ன செய்வான்னு. கேளேன்! ம்... அதுக்கும் செம்பா ஒரு வழி வச்சிருந்தா. அங்க போனதும், "அய்யோ, எடுக்கச் சொல்லுதாங்களே அத்தை!"ன்னு சொல்லி ஏழு கிலோ வத்தலையும் பொடியையும் வெளிய குடுத்துறலாம். ஏர்போர்ட்டுக்காரங்க சொன்னா மாமியார் யாரோட சண்டை போட முடியும்? அப்படின்னு போட்டா கணக்கு.

வெள்ளிக்கிழமையும் வந்துச்சு. செம்பா தலைக்குக் குளிச்சு, பச்சைச் சேலை கட்டி, பூ வச்சுக்கிட்டா. காரு வந்துச்சு. மாமியாரும் மருமகளுமா திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போனாங்க. வழியெல்லாம் பிச்சம்மா ஒரு வார்த்தை பேசல. பையனைப் பிரிஞ்சிருக்குறவ, இப்போ மருமகளும் போறாளேன்னு வருத்தம் போலன்னு செம்பா நெனச்சா. அவளுக்கே மாமியாரைப் பாத்துப் பாவமாப் போச்சு.

வாசல்ல பிச்சம்மா கண்ணாடிக்கு வெளிய நின்னுட்டா. செம்பா மட்டும் உள்ள போனா. கவுண்ட்டர்ல ஒரு பொண்ணு. பெட்டியைத் தூக்கி மூணாவது தராசுல வச்சா, தொம்! செம்பா மூஞ்சியை ரெடியா அழுகிற மாதிரி வச்சுக்கிட்டா. சிவப்பு நம்பர் ஓடிச்சு. பதினெட்டு... இருபத்தாறு... முப்பது. நின்னுருச்சு.

முப்பது! ஒரு பொட்டு கூடவும் இல்ல, குறையவும் இல்ல.

செம்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பொய்த் தராசு ரெண்டும் முப்பதுங்கிட்ட நின்னுச்சு, சரி. நெசத் தராசு எப்படி முப்பதுங்கும்? ஏழு கிலோ எங்க போச்சு? அப்போதான் பளிச்சுன்னு உறைச்சுது. நான் குளிக்கப் போனேனே, அப்போ அத்தை பெட்டியைத் திறந்திருக்கு! மெஷினை வெளிய எடுத்துட்டு, எடுத்து வச்ச வத்தலை எல்லாம் திரும்ப உள்ள போட்டிருக்கு!

இந்தத் தடவை நடிப்பு இல்ல தங்கம். நெசமாவே பொலபொலன்னு கண்ணீர் வந்துருச்சு அவளுக்கு. "கொஞ்சம் பொறுங்க, ஒரு நிமிசம்"னு சொல்லி, பெட்டியைக் கீழ இறக்கி, எல்லாரும் பாக்கப் பாக்க பூட்டைத் திறந்தா. பின்னாடி வரிசையில நின்னவங்கெல்லாம் முணுமுணுமுணுன்னாங்க. கைய உள்ள விட்டுத் துழாவினா. வத்தல்... வத்தல்... பொடி... வடகம்... அப்புறம் ஜில்லுன்னு இரும்பு!

மெஷின் இருந்துச்சு! அடிபடக் கூடாதுன்னு நாலு பக்கமும் வத்தல் பையை முட்டுக் குடுத்து, மேல கூழ்வடகத்தைப் பரப்பி, குழந்தையைப் படுக்க வச்ச மாதிரி வச்சிருந்துச்சு. கருவாடு இருந்துச்சு. பேரு இல்லாத பொடியும் இருந்துச்சு. இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான். செம்பாவோட துணி! ஒரு சேலை இல்ல, ஒரு சுடிதார் இல்ல, கைக்குட்டை கூட இல்ல. மெஷினைச் சுத்தின பாவாடையையும் விடல!

அப்போ ட்ரிங் ட்ரிங்குன்னு போன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிச்சம்மா, காதுல போனை வச்சுக்கிட்டு நிக்கிறா.

"என்னட்டி, பெட்டியைத் திறந்துட்டியா? நாப்பது வருசமா செல்லையா கடையில புளி வாங்குதவ நான். அந்தத் தராசு எனக்குத் தெரியாதா? மாடசாமிகிட்ட எத்தனை ஓட்டை அண்டாவைப் போட்டிருக்கேன்? எம் மவன் பிறந்த தேதியை எனக்கே பூட்டாப் போடுதியா நீ?"

செம்பாவுக்கு வெக்கமாப் போச்சு. "நான் கேட்டேன், நீங்க வேண்டாம்னுட்டீங்க அத்தை."

"ஒருவாட்டி வேண்டாம்னா விட்டுருவியா? எம் மவன் ஒரு அதிரசத்துக்கு எட்டுவாட்டி கேப்பான். ஒளிச்சு வச்சிட்டியேன்னுதான் எனக்குக் கோவம். அதான் வழியெல்லாம் பேசல."

"அப்போ மெஷினை ஏன் எடுக்கல?"

"நான் வத்தல் வத்தல்னு கிடக்கிற மாதிரி நீ மெஷினுன்னு கிடக்க. அது இல்லாட்டி நீ அங்க ஏங்கிப் போவ. போட்டும், கொண்டு போ. ஆனா என் வத்தல்ல கைய வைக்க விட மாட்டேன்."

"அதுக்கு என் துணியை எடுப்பீங்களா! நான் அங்க என்னத்தைக் கட்ட?"

"ஏன், மெஷினு இருக்குல்லா? தைச்சுக்கோ!"

சொல்லிட்டு டொக்குனு போனை வச்சுட்டா. செம்பாவுக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. அப்புறம் சிரிப்புதான் ஜெயிச்சுது. நடு ஏர்போர்ட்டுல நின்னு கெக்கெக்கேன்னு சிரிச்சா பாரு, கவுண்ட்டர்ல இருந்த பொண்ணு பயந்தே போயிட்டா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிச்சம்மா முந்தானையால கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, கைய ஆட்டிக்கிட்டே நின்னா.

ம்? இன்னும் முழிச்சிருக்கியா? இன்னும் கொஞ்சந்தான்.

அப்புறம் ப்ளைட்டு உய்ய்ய்ங்னு பறந்து மஸ்கட்டுல இறங்கிச்சு. பொன்னுராசு வந்து கூட்டிக்கிட்டுப் போனான். வீட்டுக்குப் போனதும் ஆசையா பெட்டியைத் திறந்தான். வத்தல், பொடி, கருவாடு, மெஷின். "துணி எங்க?"ன்னான்.

செம்பா அந்த ரூமை ஒரு சுத்து சுத்திப் பாத்தா. ஜன்னல்ல புதுசா, நீலக் கலர்ல, பெரிய பெரிய பூப்போட்ட திரைத்துணி தொங்குச்சு. அவ வர்றான்னு புருசன் ஆசையா வாங்கி மாட்டினது. அதையே பாத்தா. விரலால தடவிப் பாத்தா. நல்ல துணிதான்.

மறுநாள் அவன் பட்டறைக்குப் போயிட்டுத் திரும்பி வந்தான். தெருமுனையில வர்றப்பவே டகடகடகடகன்னு சத்தம் கேட்டுச்சு. அண்ணாந்து பாத்தா, அவன் வீட்டு ஜன்னல் மொட்டையா நிக்குது. கதவைத் திறந்தா, நீலப் பூப்போட்ட சுடிதாரைப் போட்டுக்கிட்டு செம்பா நிக்கிறா. பக்கத்து வீட்டுப் பொம்பளை ஒருத்தி அவளைச் சுத்திச் சுத்தி வந்து பாக்குறா. அந்தப் பொம்பளை கையில என்ன இருந்துச்சு தெரியுமா? அவ வீட்டு ஜன்னல் துணி!

அவ்வளவுதான். பெட்டியும் காலி, கதையும் காலி. ம் வேண்டாம், போதும். கண்ணை மூடு, தூங்கு.