மோலிக்கு வந்த அம்மை

மீன் வளர்த்தவர்களுக்குத்தான் இந்தப் புதிர் என்று யாரும் நைசாக ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். நான் ஒரு மீன்கூட வளர்த்ததில்லை. எனக்கே விடை கிடைத்தது. கதையைக் கேட்டு முடிக்கும்வரை தீர்ப்புச் சொல்லாமல் இருந்தால் போதும்.

மதுரை எல்லீஸ் நகரில் ஓர் அடுக்குமாடி வீடு. ஞானசேகர், வசுமதி தம்பதியுடையது. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து வசுமதிக்கு இது எட்டாவது மாதம். பிரஷர் ஏறிவிட்டதால் ஆஸ்பத்திரியிலேயே படுக்கச் சொல்லிவிட்டார்கள். மனம் கலங்கும்படி எதையும் அவள் காதில் போடக் கூடாது என்று வீட்டாருக்கு டாக்டர் உத்தரவு.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. நான்கு வருடமாக வசுமதிதான் பார்த்துக்கொள்கிறாள். வேறு யாரும் தீனி போடுவதைத் தாண்டி அதில் கை வைத்ததில்லை. உள்ளே ஆறு மோலி மீன்கள். குட்டி போடும் சாதி. அதில் கருப்பி என்ற கறுப்பு மோலிக்கு வயிறு பெருத்து, இன்றோ நாளையோ என்று இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறும்போது வசுமதி கணவனிடம் இரண்டு சத்தியம் வாங்கினாள். கருப்பியைத் தொட்டியை விட்டு எடுக்கக் கூடாது. போன தடவை எடுத்து வேறு பாத்திரத்தில் விட்டதில் மிரண்டுபோய்க் குறைக் குட்டிகளாகப் போட்டுவிட்டது. அடுத்தது, கருப்பிக்கு எது நடந்தாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனிதர் இரண்டுக்கும் தலையாட்டினார். ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டுவதில் என்ன கஷ்டம் இருக்கிறது?

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவளிடமிருந்து ஃபோன் வரும். முதல் கேள்வி, "கருப்பி எப்படியிருக்கா?" அடுத்த கேள்வி, "என் ஸ்கேன்ல என்ன சொன்னாங்க? நெசத்தச் சொல்லுங்க." ஸ்கேன் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அவரும் "நல்லாயிருக்கு" என்பார். அவள் "ம்" என்பாள். மறுநாளும் அதே கேள்வியைக் கேட்பாள்.

நான்காம் நாள் காலை தீனி போடப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். கருப்பியின் மேல் ரவையைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள்.

சமையலுக்கு ஒத்தாசையாக விருதுநகரிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா தனபாக்கியம் எட்டிப் பார்த்தார். "அம்மைடா தம்பி. பிள்ளத்தாச்சி மேல எறங்கியிருக்கா. மருந்து கிருந்துன்னு வாயத் தொறக்காத" என்றார். தொட்டி மேல் வேப்பிலைக் கொத்தை வைத்தார். கார்த்திகை மழைக் குளிருக்காகத் தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருந்த ஹீட்டரையும் அணைத்தார். அம்மைக்குக் குளிர்ச்சிதானே வேண்டும்? இரண்டு நாள் புள்ளி ஒன்றுகூடக் கூடவில்லை. அக்காவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. அந்த இரண்டு நாளும் ஃபோனை அவரே வாங்கி, "ஒன் மீனுக்கென்ன, ராசாத்தியாட்டம் திரியுது" என்று சொல்லிவிட்டார்.

புள்ளி கண்ட மூன்றாம் நாள் அவை வால்வரை பரவிவிட்டன. கருப்பி துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றது. இன்னொரு மோலி தன் உடம்பைக் கூழாங்கல்லில் தேய்த்துத் தேய்த்து ஓடியது. ஞானசேகர் மீனைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். இது செத்தால் படுக்கையில் கிடக்கிறவள் தன்னைப் பற்றியும் ஏதாவது நினைத்துக்கொள்வாள் என்பதுதான் அவருடைய பயம்.

ஆறு மணிக்குச் சற்று முன் வசுமதியின் தம்பி முகுந்தன் வலையும் வாளியுமாக வந்தான்.

"தனியா எடுத்துருவோம் மாமா. மத்த அஞ்சாவது தப்பிக்கும். செத்துப்போச்சுன்னா இதே மாதிரி ஒண்ணு வாங்கி விட்டுருவோம். அக்காவுக்கு எங்க தெரியப்போகுது?"

அவன் வலையைத் தண்ணீருக்குள் இறக்கவும் ஃபோன் அடிக்கவும் சரியாக இருந்தது.

"நல்லாயிருக்குன்னு சொல்லு. வயித்துப் பிள்ளக்காரிடா" என்று தனபாக்கியம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

ஞானசேகர் ஒரு கையால் முகுந்தனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மறு கையில் ஃபோன்.

"வசு, கருப்பிக்கு ஒடம்பு சரியில்ல. மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாப் புள்ளி. மூணு நாளாச்சு, ஒங்கிட்ட மறைச்சிட்டோம். பொழைக்குமான்னு தெரியல."

தனபாக்கியம் தலையில் அடித்துக்கொண்டார்.

சத்தியத்தை உடைத்தாலும் தாயின் மனதைக் காக்க நினைத்தார் தனபாக்கியம். மற்ற ஐந்து உயிரைக் காக்க நினைத்தான் முகுந்தன். டாக்டர் பேச்சை மீறி உள்ளதைச் சொன்னார் கணவர். மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஞானசேகர் செய்ததே சரி. அன்று வசுமதிக்குப் பிரஷர் கொஞ்சம் ஏறியது. நர்சிடம் அவர் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். இருந்தாலும் சரி. அந்த வீட்டில் மீன் வைத்தியம் தெரிந்தவள் ஒருத்திதான். அவளிடமிருந்தே மறைத்துவிட்டு மற்றவர்கள் வைத்தியம் பார்த்தார்கள். வந்தது அம்மை இல்லை, ஒட்டுண்ணி. குளிரில் அது ஓய்ந்ததுபோல் காட்டும், அழியாது. இன்னொரு மீனும் உடம்பைத் தேய்க்கத் தொடங்கிய பிறகு ஒன்றை மட்டும் எடுப்பதில் பயனும் இல்லை. "ஹீட்டரப் போடுங்க. கல்லுப்பக் கரைச்சுக் கொஞ்சங் கொஞ்சமா ஊத்துங்க. அவள எடுக்காதீங்க" என்றாள் வசுமதி. பத்து நாளில் கருப்பி தேறியது. நடுவில் பதினொரு குட்டிகளும் போட்டது. கருப்பி செத்திருந்தாலும் நான் இதே விடையைத்தான் சொல்வேன். அந்த ஃபோனிலேயே வைத்தியம் சொல்லி முடித்த கையோடு அவள் வழக்கம்போல, "என் ஸ்கேன்?" என்று கேட்டாள். "நல்லாயிருக்கு வசு" என்றார். ஒரு வாரமாக "ம்" மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவள் அன்று, கெட்ட சேதியை மறைக்காமல் சொன்னவர் வாயிலிருந்து அதைக் கேட்டதும், "அப்பச் சரி" என்றாள். மறுநாள் அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை.