பாவையும் இமையும் ஒரு கையும்

ஒரு கேமராவுக்குள் இரண்டு பேர் குடித்தனம் நடத்தினார்கள். ஒருத்தி பாவை, ஒருவன் இமை. போட்டோ பிடிக்கிறவர்கள் அவளை அபெர்ச்சர் என்பார்கள், அவனை ஷட்டர் என்பார்கள். அதெல்லாம் வெளியில் வைத்த பெயர். உள்ளே அவர்கள் பாவையும் இமையும்தான்.

பாவை லென்ஸுக்குள் இருக்கும் வட்டத் துளை. விரியவும் தெரியும், சுருங்கவும் தெரியும். நன்றாக விரிந்தால் குறி வைத்த முகம் மட்டும் தெளிவாக விழும். அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் பஞ்சாகக் கரைந்துவிடும். சுருங்கினாளானால் பின்சுவரில் தொங்கும் காலண்டரில் தேதிகூடப் படிக்கலாம். எதையும் நிதானமாகத்தான் செய்வாள், அந்த நிதானத்தில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இமை அவளுக்குப் பின்னால் நின்று திறந்து மூடும் கதவு. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரி பறப்பான். அவன் சட்டென்று மூடினால் ஓடுகிற நாய் அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும். மெதுவாக மூடினால் அதே நாய் ஒரு கோடாக இழுபட்டுப் போகும்.

இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஆனால் ஒருவரை விட்டால் ஒருவருக்குப் பிழைப்பும் இல்லை. உள்ளே வரும் வெளிச்சத்துக்கு ஓர் அளவு இருக்கிறதே. அவள் விரிந்தால் அவன் ஓட வேண்டும். அவள் சுருங்கினால் அவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். காத்திருப்பது என்றாலே இமைக்கு வேப்பங்காய்.

இவர்களை மேய்ப்பதற்குக் கேமராவின் தலையில் ஒரு சக்கரம் இருந்தது. அதை ஒரு பக்கம் திருப்பினால் பாவை முறை. பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் போதும், அவள் விரிந்து ஒன்று, நடுவாக ஒன்று, சுருங்கி ஒன்று என்று மூன்று படம் விழும். மறுபக்கம் திருப்பினால் இமை முறை. அவன் பறந்து ஒன்று, நடந்து ஒன்று, நின்று ஒன்று. இந்த ஏற்பாட்டுக்குப் பிராக்கெட்டிங் என்று பெயர். எது சரியாக வரும் என்று முடிவு செய்ய முடியாமல் தவிக்கிறவர்களுக்காக எந்தப் புண்ணியவானோ கண்டுபிடித்தது.

கேமராவின் சொந்தக்காரி பிரமிளா தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருந்தாள். கல்யாணமோ காதுகுத்தோ, சக்கரம் பாவை பக்கமே நிற்கும். பின்னால் இருக்கும் கூட்டமெல்லாம் கரைந்து மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் ஜொலித்தால்தான் ஜனங்களுக்குப் பிடிக்கிறது. பாவையை எல்லாரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். இமை முறையைப் பிரமிளா கேமரா வாங்கிய புதிதில் அருவிக்கரையில் ஒரு தடவை தொட்டதோடு சரி. இமைக்கு அந்த வயிற்றெரிச்சல் ஆறவே இல்லை.

ஒரு நாள் காலையில் ஆவுடையப்பனும் அவர் மனைவி செண்பகமும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். அவர் பஸ் டிரைவராக இருந்தவர். சில வருஷங்களுக்கு முன்னால் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. மாத்திரைகளுக்கு நடுக்கம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஸ்டியரிங்கை விட்டார், பிறகு பந்தியில் உட்காருவதை விட்டார், கடைசியில் கையைப் பேண்ட் பைக்குள் போட்டவர் வெளியே எடுப்பதையே விட்டுவிட்டார். அதற்கப்புறம் எடுத்த எந்தப் படத்திலும் அந்தக் கை கிடையாது. அதன் மேல் அவருக்கு அவ்வளவு அவமானம்.

அன்று அவர்களுடைய கல்யாண நாள். அவருடைய இரண்டு கையும் தெரிய ஒரு படம் வேண்டும் என்று செண்பகம் வந்ததுமே பிரமிளாவிடம் சொல்லிவிட்டாள். இதற்கு அவரைக் கிளப்பிக் கூட்டி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம். ஆவுடையப்பனோ ஸ்டூலில் உட்காருவதும் எழுந்து வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார். செண்பகம் அவரை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, பைக்குள் இருந்த கையை எடுத்து மடியில் வைத்தபோது ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரே ஒரு தடவ அமுக்கு தாயி. நல்லா வந்தா சரி. வரலன்னா இனி போட்டோங்கிற பேச்ச இவ என்கிட்ட எடுக்கப்பிடாது. சாவுற மட்டும் எடுக்கப்பிடாது."

செண்பகம் சரி என்று தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்.

பிரமிளா கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, ஜன்னல் வெளிச்சம் போதும் என்று விளக்குகளை அணைத்தாள். ஒரே அழுத்து. மூன்று படம் கிடைக்கும், ஆனால் யாருடைய மூன்று? சக்கரத்தைப் பாவை பக்கம் திருப்பினாள். யோசித்தாள். இமை பக்கம் திருப்பினாள். மறுபடி பாவை பக்கம் வந்தாள்.

தனக்குக் கிறுகிறுவென்று வருகிறது என்று சக்கரம் முனகியது. யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்துத் தொலைக்கக் கூடாதா என்றது.

"என்னிடம் விடச் சொல்" என்றாள் பாவை. "நான் முழுசாக விரிகிறேன். முகம் மட்டும் தெளிவாக விழும். மடியில் முன்னால் நீட்டி வைத்த கை பஞ்சாகிவிடும். கை இருக்கும், நடுக்கம் தெரியாது. மனுஷனுக்கு மரியாதையாகவும் இருக்கும்."

"அவர் பைக்குள் மறைக்கிறார், நீ பஞ்சுக்குள் மறைக்கப் பார்க்கிறாய்" என்றான் இமை. "அந்த அம்மா கேட்டது கையை."

"உன் மூன்றாவது படத்தை யோசித்தாயா? நீ திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் அது கையாகவா விழும்? புகையாக விழும். அதைப் பார்த்தபிறகு அவர் இந்தத் தெருப் பக்கமே வரமாட்டார்."

இமைக்கும் அதுதான் பயம். மூன்றாவது வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு உரிமை இல்லை, முறை என்றால் மூன்றும் சேர்ந்துதான். இத்தனை நாள் தன் பக்கம் சக்கரம் வராதா என்று ஏங்கியவன், இப்போது வந்துவிடுமோ என்று நிலைகொள்ளாமல் துடித்தான்.

அந்தச் சமயத்தில் செண்பகம் ஒரு காரியம் செய்தாள். மடியில் கிடந்த அவருடைய கையை எடுத்துத் தன் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து தோள்மேல் வைத்துக்கொண்டாள். அவர் நெளிந்தார். ஊர் பார்த்தால் என்ன நினைக்கும் என்று முணுமுணுத்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கை நடுங்க நடுங்க அவளுடைய சேலைத் தலைப்பும் கூடவே நடுங்கியது.

பாவைக்கு முகம் தொங்கிப் போயிற்று. முகமும் கையும் இப்போது ஒரே தூரத்தில் இருந்தன. அவள் எவ்வளவு விரிந்தாலும் இனிமேல் அந்தக் கை கரையாது. பிரமிளாவும் அதைப் பார்த்தாள். சக்கரத்தை இமை பக்கம் திருப்பிவிட்டு விரலை எடுத்தாள்.

"முதல் படத்தில் நான் உயிரைக் கொடுத்துப் பறக்கப் போகிறேன்" என்றான் இமை. "நீ முழுசாக விரியாவிட்டால் வெறும் இருட்டுதான் விழும். உன் கையில்தான் இருக்கிறது."

பாவை முழுசாக விரிந்தாள். சண்டையெல்லாம் வேலைக்கு வெளியே என்று அவளுக்குத் தெரியும்.

பொத்தான் அழுந்தியது. முதல் தடவை இமை பறந்த வேகத்தில் எதிரே யார் இருக்கிறார்கள் என்றுகூட அவன் பார்க்கவில்லை. இரண்டாவதில் மூச்சு வாங்கியது. மூன்றாவதில் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அந்தக் கையை அவன் முழுசாகப் பார்த்தான். அது போவதும் வருவதும், நிறுத்தப் பார்த்து அவர் பல்லைக் கடிப்பதும் எல்லாம் தெரிந்தது. மூடிவிடலாம் என்றால் நேரம் முடியவில்லை. அவனுக்கு அழுகை வந்தது.

கேமராவில் கடைசிப் படம்தான் முதலில் தெரியும். பிரமிளா ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் காட்டியபோது திரையில் மூன்றாவது படம் நின்றது. இரண்டு முகங்கள் பளிச்சென்று இருந்தன. செண்பகத்தின் தோள்மேல் ஒரு புகை இருந்தது.

"பாத்தியா, இதுக்குத்தான் வேண்டாம்னேன்" என்று ஆவுடையப்பன் சிரித்தார். கை பைக்குள் போய்விட்டது. செருப்பைத் தேடினார்.

பிரமிளா அவசரமாகப் படங்களைப் பின்னால் தள்ளினாள். "அண்ணாச்சி, போயிராதிய. மொதப் படத்த மட்டும் பாத்துட்டுப் போங்க."

பாதி மனசோடு திரும்பி வந்து பார்த்தார். தோள்மேல் கை இருந்தது. ஐந்து விரலும் சேலையில் படிந்து, மடக்குகளில் காய்த்த தழும்போடு, அசையாமல் இருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல சரிபண்ணுனியா?"

"எங்க அண்ணாச்சி சரிபண்ண, இப்பத்தான எடுத்தேன். மூணும் ஒரே அமுக்குதான். அதே கைதான்."

"அப்போ நடுங்கும்போதே நிக்கவும் செய்யுதா?"

"செய்யுது அண்ணாச்சி. நம்ம கண்ணுக்குத்தான் எட்டல."

இன்னும் கிட்டத்தில் பார்க்க அவர் கேமராவைக் கையில் வாங்கிக்கொண்டார். வலது கையில். அதை அவர் கவனிக்கவில்லை. செண்பகம் கவனித்தாள். எதையாவது சொன்னால் கை பைக்குள் போய்விடும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள், கண்ணை மட்டும் அவளால் பொத்த முடியவில்லை.

கேமரா கிடுகிடுவென்று ஆடியது. மேலே சக்கரம் கடகடத்தது. விழுந்துவிடாமல் சுவரைப் பிடித்துக்கொண்ட பாவை, இமையிடம் முதல் தடவையாக மரியாதையோடு ஒரு கேள்வி கேட்டாள்.

"இப்படி ஆடுகிற கையை நீ எப்படி நிறுத்தினாய்?"

"நான் எங்கே நிறுத்தினேன்?" என்றான் இமை. "அது நின்றுகொண்டிருந்த நேரத்துக்குள் ஓடிப்போய்ச் சேர்ந்தேன். அவ்வளவுதான்."